5 வாட்டில் அழைக்கிறேன், பதிலே வரவில்லை. பெருக்கி சேர்க்கலாமா?

வரப்போரம் எழுதியது:

வணக்கம். இரண்டு மாதங்களாக மண்டையைக் குடையும் சங்கதி இது. உதிரிபாகங்களாக வாங்கி நானே ஈயம் வைத்துப் பூட்டிய, 40 மீட்டர் அலைவரிசையில் மோர்ஸ் தந்தி பேசும் அமெச்சூர் வானொலிக் கருவி என்னிடம் இருக்கிறது. ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டிச் சோதிக்கும் 50 ஓம் டம்மி லோடில் திறனை அளந்தேன். 5 வாட்டுக்கு நூலிழை குறைவு, அவ்வளவுதான். ஆன்டெனா 20.3 மீட்டர் கம்பியை நடுவில் வெட்டிச் செய்த டைபோல். ஒரு முனை மாட்டுக்கொட்டகைக் கம்பத்தில், மறுமுனை வேலியோர மரத்தில். நடுப்பகுதி தொய்ந்து தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. போன வாரம் ஆடு ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்சியல் கேபிளை மென்றுவிட்டது. அதை மாற்றியாயிற்று, ஆகவே ஆட்டின் மேல் யாரும் பழி போட வேண்டாம்.

பால் கறப்பதற்கு முன் அதிகாலையிலும், மாடுகளைக் கட்டிய பிறகு இரவிலும் 7.030 மெகாஹெர்ட்சில் பொது அழைப்புக் கொடுக்கிறேன். பலமான நிலையங்கள் எல்லாம் எனக்குக் கேட்கின்றன. என்னைத்தான் யாரும் சீந்துவதில்லை. இதுவரை நான்கே தொடர்புகள். வீட்டில் "காற்றுக்குத் தந்தி அடிக்கிறான்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். திறனைக் கூட்டும் 50 வாட் பெருக்கி ஒன்றைச் சேர்த்துவிடலாமா என்று கை துறுதுறுக்கிறது. மின்சாரத்துக்குச் சிறிய சூரியத் தகடும் 7 ஆம்பியர்-மணி பேட்டரியும்தான்.

செப்புச்சுருள் எழுதியது:

யோசிக்காமல் சேருங்கள். 5 வாட்டில் அழைப்பது சந்தை இரைச்சலில் முணுமுணுப்பது மாதிரி. எனக்கும் பெருக்கி வந்த பிறகுதான் விடிந்தது.

பழையசாவி எழுதியது:

செப்புச்சுருள் சொல்வதைக் கேட்டால் முதலில் பேட்டரிதான் படுக்கும். 5 வாட்டை 50 வாட் ஆக்கினால் கிடைப்பது 10 டெசிபல். ஏற்பியில் சமிக்ஞையின் பலம் காட்டும் எஸ் மீட்டரில் ஓர் அலகுக்கு 6 டெசிபல் என்று வைத்தால் இரண்டு அலகுகூட முழுதாகத் தேறாது. அதற்காக, மோர்ஸ் சாவியை அழுத்தும்போதெல்லாம் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் கருவியை அந்தச் சின்னப் பேட்டரியில் மாட்டப் போகிறீர்களா?

ஆன்டெனாவின் உயரம் எனக்கும் பிடிக்கவில்லை. 40 மீட்டர் அலைக்கு 3 மீட்டர் உயரம் என்றால் பாதித் திறன் மண்ணைச் சூடாக்கத்தான் போகும். நடுவை எப்படியாவது 8, 10 மீட்டருக்குத் தூக்குங்கள் தம்பி. ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க் தெரியுமல்லவா? உலகம் முழுக்கத் தன்னார்வலர்களின் ஏற்பிகள் மோர்ஸ் அழைப்புகளைத் தாமாகவே படித்து, யார், எந்த அலைவெண்ணில், இரைச்சலுக்கு மேல் எத்தனை டெசிபல் என்று இணையத்தில் போட்டுவிடுகின்றன. இன்றிரவு நாலைந்து முறை நிதானமாக அழைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். உங்கள் குரல் வெளியே போகிறதா இல்லையா என்பது தெரியாமல் மருந்து எழுத முடியாது.

வரப்போரம் எழுதியது:

பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. ஆறு ஏற்பிகள் என்னைப் பிடித்திருக்கின்றன. ஒன்றில் 17 டெசிபல்! இன்னொன்று இங்கிருந்து 2000 கிலோமீட்டருக்கு மேல். அப்படியானால் இத்தனை நாளும் பதில்கள் வந்துகொண்டுதான் இருந்தனவோ? கேட்காமல் இருந்தவன் நானா?

என் பக்கத்து இரைச்சலைப் பற்றி முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பழகிப்போனதால் விட்டுவிட்டேன். எஸ் 7 அளவில் 'டக்… டக்… டக்' என்று, ஒரு நொடிக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில், பல்லி சொல்வது போல. பகலில் குறைவு. பனி இறங்கிய இரவுகளில் அதிகம்.

ஈரமண் எழுதியது:

மின்வேலி! பக்கத்து நிலத்தில் மேய்ச்சலுக்குக் கட்டியிருப்பார்களே, அதேதான். வேலி நல்ல நிலையில் இருந்தால் பெரிதாகத் தொல்லை தராது. எங்காவது கம்பியைத் தாங்கும் பீங்கான் விரிசல் விட்டிருக்கும், புல் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும், அல்லது முறுக்கிய இணைப்பு துருப்பிடித்திருக்கும். அந்த இடத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் பொறி பறக்கும். பொறி என்றால் அதுவே ஓர் ஒலிபரப்பி. ஈரத்தில் கூடுகிறது என்று நீங்கள் சொன்னதே போதும்.

உறுதி செய்ய, வேலிக்காரரிடம் சொல்லி ஐந்து நிமிடம் அணைக்கச் சொல்லுங்கள். டக் நின்றால் வழக்கு முடிந்தது. பிறகு கையடக்க மத்திய அலை ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு வேலியோரம் நடங்கள். ஒரு தொல்லை: கம்பி முழுவதுமே இரைச்சலைச் சுமந்து போகும், ஆகவே காதை மட்டும் நம்பினால் அலைக்கழிக்கும். இருட்டில் கண்ணையும் வைத்துப் பாருங்கள். அணைக்காமல் எதையும் தொடாதீர்கள்.

வரப்போரம் எழுதியது:

நேற்று இரவு பக்கத்து நிலத்துக்காரரும் நானும் கிளம்பினோம். அவருக்கு முதலில் சந்தேகம், தன் வேலியை நான் குறை சொல்கிறேனோ என்று. ரேடியோவைக் கையில் கொடுத்தேன். நாலடி நடந்ததும் அவரே முன்னால் போக ஆரம்பித்துவிட்டார். வாயிற்கம்பத்துக்கு மூன்றாவது கம்பம். டார்ச்சை அணைத்துவிட்டு நின்றோம். பீங்கானின் அடிப்பக்கத்தில், மயிரிழை விரிசலில், நீலமாக ஒரு புள்ளி. ரேடியோவில் டக் என்றபோதெல்லாம் அதுவும் மினுக்கியது. "இதனால்தான் அந்தப் பக்கம் மாடு தாண்டிப் போகிறதா!" என்றார். அவருடைய வேலிக்கும் பாதி வலுவைத்தான் அந்த விரிசல் விட்டு வைத்திருந்ததாம்.

அணைத்துவிட்டுப் பீங்கானை மாற்றினோம். எஸ் 7 இருந்த இடத்தில் எஸ் 3. வந்து அழைத்தேன். மூன்றாவது அழைப்புக்கு மெல்லிய, நிதானமான கைவீச்சில் பதில் வந்தது. என் சமிக்ஞைக்கு அவர் தந்த அறிக்கை 559: தெளிவு 5, பலம் 5, தொனி 9. அவருடைய திறன் 2 வாட்தானாம்.

பெருக்கி இப்போதைக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை டைபோலின் நடுவைத் தூக்க நீளமான கம்பு தேடுகிறேன். புது கேபிளைக் குழாய்க்குள் விட்டுப் புதைத்தாயிற்று. ஆடு அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது.