சைபர் பாலிசியின் 'வெயிட்டிங் பீரியட்': ஒரு சொல் போதுமா?

அனுப்புநர்: வழக்கறிஞர், கிருஷ்ணகிரி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் காப்பீட்டுச் சொல் அகராதிக்கு ஒரு சொல் பற்றி எழுதுகிறேன். சைபர் பாலிசியில் (கணினித் தாக்குதலால் வரும் இழப்புக்கான காப்பீட்டில்) வரும் 'வெயிட்டிங் பீரியட்'டை நாம் 'காத்திருப்புக் காலம்' என்றே எழுதுகிறோம். மருத்துவக் காப்பீட்டில் அது பொருந்தும். பாலிசி எடுத்து இத்தனை மாதம் கழிந்தால்தான் பழைய நோய்க்குப் பணம் கிடைக்கும். சைபர் பாலிசியிலோ இது மணிக்கணக்கு. சர்வர் முடங்கியதும் முதல் சில மணி நேர (பெரும்பாலும் 8 முதல் 12) வருமான இழப்பைத் தொழில் நடத்துபவரே ஏற்க வேண்டும். "பாலிசி எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சே, காத்திருப்பு எப்பவோ முடிஞ்சிருக்குமே" என்று கட்சிக்காரர் கேட்டால் தவறு அவருடையதல்ல, நாம் கொடுத்த சொல்லுடையது.

'கழிவு நேரம்' என்று முன்மொழிகிறேன். 'கழிவு போக' என்று கடைக் கணக்கில் சொல்கிறோமே, அந்தக் கழிவு.

---

அனுப்புநர்: காப்பீட்டு வழக்குகள் பார்ப்பவர், தருமபுரி

வணக்கம் ஐயா. சொல் நன்று. ஆனால் எல்லாப் பாலிசியும் அந்த நேரத்தைக் கழிப்பதில்லை.

சீசனில் ஓடும் ஒரு மாங்கூழ் ஆலையை வைத்துக் கணக்குப் போடுவோம். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நச்சு நிரல்) புகுந்து 34 மணி நேரம் முடக்கம். மணிக்கு ரூ.40,000 இழப்பு. பாலிசியில் 10 மணி நேரம் என்று இருக்கிறது. முதல் வகை வாசகத்தில் 10 மணி போக 24 மணிக்கு ரூ.9,60,000. இரண்டாவது வகையில் 10 மணியைத் தாண்டிவிட்டாலே முதல் நிமிடத்திலிருந்து கணக்கு, அதாவது ரூ.13,60,000. ஒன்பதே மணி நேரத்தில் சர்வர் எழுந்துவிட்டால் இரண்டிலும் ஒன்றுமில்லை.

ரூ.4 லட்சம் வித்தியாசத்தை ஒரே சொல்லுக்குள் அடைக்கக் கூடாது. முதலாவதைக் 'கழிவு நேரம்' என்போம், இரண்டாவதைத் 'தகுதி நேரம்' என்போம். ஷெட்யூலில் (பாலிசியின் விவர அட்டவணையில்) எத்தனை மணி நேரம் என்பது மட்டும்தான் இருக்கும். எந்த வகை என்பது உள்ளே வரையறைப் பகுதியில் ஒளிந்திருக்கும். வாசகம் இரு பொருள் தந்தால், எழுதிய நிறுவனத்துக்கு எதிரான பொருளைக் கொள்ளும்படி வாதிடலாம். அந்த வாதத்தையே நம்பிப் பாலிசி வாங்கச் சொல்லாதீர்கள்.

---

அனுப்புநர்: சைபர் தடயப் பணி, ஓசூர்

இருவருக்கும் வணக்கம். இரண்டு சொல்லும் எனக்குச் சம்மதம். உண்மையான சண்டை கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதில்தான். இரவு 2 மணிக்குக் கோப்புகள் பூட்டப்பட்டன, காலை 8 மணிக்கு ஷிப்டு ஆள் பார்த்தார், 11 மணிக்கு நிறுவனத்துக்கு மெயில் போனது. சில பாலிசி முடக்கத்திலிருந்து எண்ணும், சில தகவல் கொடுத்ததிலிருந்து எண்ணும். கழிவு நேரமாக இருந்தால், மேலே சொன்ன ஆலைக்கு, பூட்டியதற்கும் மெயிலுக்கும் இடைப்பட்ட இந்த 9 மணி நேரத்தால் வரும் வித்தியாசம் ரூ.3,60,000. ஆகவே 'முடக்கத் தொடக்கம்', 'அறிவிப்புத் தொடக்கம்' என்ற இணையும் அகராதியில் வேண்டும்.

முடக்கத் தொடக்கத்தை நிரூபிக்கப் பெரும்பாலும் கைகொடுப்பது லாக்தான் (கணினி தானே நேரத்தோடு பதிந்து வைக்கும் குறிப்பு). பல இடங்களில் பதற்றத்தில் அதே டிஸ்கை ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி ஏற்றிவிடுகிறார்கள், சாட்சியம் அங்கேயே போய்விடுகிறது. முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், மெஷினை அணைக்காதீர்கள். பிறகு டிஸ்க் இமேஜ் (டிஸ்கின் முழு நகல்) எடுத்து ஹாஷ் மதிப்பை (நகல் மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்ணை) குறித்துக்கொள்ளுங்கள். பாரதிய சாக்ஷிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 2023, பிரிவு 63-இன்படி மின்னணுச் சாட்சியத்தோடு தரும் சான்றிதழில் அந்த மதிப்பைக் கேட்கிறார்கள்; பகுதி 'அ' தரப்பினர் நிரப்புவது, பகுதி 'ஆ' நிபுணர் நிரப்புவது. செர்ட்-இன்னின் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, கவனித்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும். அங்கே எழுதிய நேரமும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிய நேரமும் முரண்பட்டால் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி அதுதான்.

இன்னொன்று, 'முடக்கம்' என்று மொட்டையாக எழுத வேண்டாம். வெளி மின்தடையால் நின்றதைப் பல பாலிசிகள் விலக்கி வைக்கின்றன. 'ஊடுருவல் முடக்கம்' என்றால் இங்குள்ள ஆலைக்காரருக்கும் வேறுபாடு சட்டென்று புரியும்.

---

அனுப்புநர்: வழக்கறிஞர், கிருஷ்ணகிரி

ஐந்தையும் ஏற்கிறேன். மாதிரி வாசகம்: "ஊடுருவல் முடக்கம் தொடங்கிய நேரத்திலிருந்து 10 மணி நேரம் கழிவு நேரம், அதற்குப் பிந்தைய இழப்புக்கு மட்டுமே ஈடு." திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.