வாயைச் சுற்றி சிவப்புப் பொரி: க்ரீமை நிறுத்தினால் திரும்ப வருகிறது

தாமிரபரணி_அம்மா:
பெண் குழந்தை, வயது 4. ஐந்து வாரமா வாயைச் சுத்தியும் மூக்கு ஓரத்துலயும் கடுகு அளவுக்கு சிவப்புப் பொரி. அரிப்பு லேசாத்தான் இருக்கு. காய்ச்சல், சீழ், நீர் வடியறது எதுவும் இல்லை. மெடிக்கல்ல சொல்லி வாங்கின க்ரீமை தினம் 2 வேளை போட்டோம், மூணாம் நாளே அடங்கிடுச்சு. 10 நாள்ல நிறுத்தினோம். நாலு நாள்ல முன்னைவிட அதிகமா வந்துடுச்சு. போட்டா அடங்குது, விட்டா வருது. இப்ப கண் ஓரத்துலயும் ரெண்டு மூணு. சோப்பு, சாப்பாடு எதையும் மாத்தலை. வீசிங்குக்கு மாஸ்க் வச்சு நெபுலைசர் கொடுக்கறோம். மாமியார் இது அக்கி, எழுதிட்டு வரலாம்னு சொல்றாங்க. அலர்ஜி டெஸ்ட் எடுத்தா தெரியுமா?

மருந்துப்பெட்டி:
டெஸ்டுக்கு முன்னாடி அந்த ட்யூபோட பின்பக்கத்தைப் படிங்க அக்கா. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன், ஃப்ளூசினோலோன், க்ளோபெட்டசால் இதுல ஏதாவது இருந்தா அது ஸ்டீராய்டு, அழற்சியை அடக்கற மருந்து. பேரோட கடைசி எழுத்தை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல் பூஞ்சைக்கான மருந்து. கேக்க அதே மாதிரி இருக்கற க்ளோபெட்டசால் ஸ்டீராய்டுலயே மிக வீரியமான ஒண்ணு. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூணும் கலந்த ட்யூபுதான் "எல்லாத்துக்கும்"னு கைக்கு வரும். 2018லயே பல ஸ்டீராய்டு க்ரீம் அட்டவணை எச்-ல வந்தாச்சு, சீட்டு இல்லாம தரக்கூடாது. கவுன்டர்ல நடக்கறது வேற.

உதட்டோரம்:
நீங்க சொல்ற போக்கு, ஸ்டீராய்டு தூண்டிவிடற வாய் சுற்றுத் தோல் அழற்சிக்கு நல்லாப் பொருந்துது. உறுதி பண்ண ஜன்னல் வெளிச்சத்துல உதட்டு ஓரத்தைப் பாருங்க. இந்த அழற்சில உதட்டை ஒட்டி மெலிசா ஒரு வளையம் பொரி இல்லாம சுத்தமா இருக்கும். குழந்தை நாக்கால நக்கி வர்ற புண்ணா இருந்தா சிவப்பு உதட்டை ஒட்டியே தொடங்கும், நாக்கு எட்டற தூரத்தோட நின்னுடும். இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்னா, நக்கற புண்ணுக்கு சாப்பாட்டுக்கு முன்னாடியும் தூங்கறதுக்கு முன்னாடியும் வாசலின் தடவினா எச்சில் படாம ஆறும். அதே வாசலினை அழற்சிப் பொரி மேல கனமா அப்பினா தோல் மூச்சு முட்டின மாதிரி ஆகி பொரி கூடிடும்.

அலர்ஜி ரத்த டெஸ்ட் இதுக்கு உதவாது. தோல்ல பட்டு வர்ற ஒவ்வாமைக்கு முதுகுல ஒட்டிப் பார்க்கற பேட்ச் டெஸ்ட் தனி. 48 மணி நேரத்துலயும் 96 மணி நேரத்துலயும் பார்க்கணும். இப்பவே அதுக்கு ஓட வேண்டாம்.

நெபுலைசர்ல என்ன மருந்து?

செம்மண்காவி:
அக்கி பத்தி ஒண்ணு. அக்கின்னா வழக்கமா நீர்க்கொப்புளம் கொத்தா, முகத்துல ஒரே பக்கமா, வலியோட வரும். இங்க ரெண்டு பக்கமும் பொரி, வலி இல்லை. எழுதறதால என்ன ஆகும்னா, காவி காய்ஞ்சு அப்பிக்கிட்டு டாக்டருக்குத் தோலே தெரியாம போயிடும். சுரண்டி எடுக்கும்போது புண்ணாகும். மாமியார்கிட்ட டாக்டர் பார்த்த பிறகு பேசிக்கலாம்னு சொல்லுங்க.

படர்தாமரையையும் விட்டுடாதீங்க, அது பூஞ்சைத் தொற்று. வட்டத்தோட ஓரம் மேடா, செதில் செதிலா இருந்தா சந்தேகப்படணும். ஸ்டீராய்டு போட்ட தாமரை அந்த வட்டத்தை இழந்து குழப்பும். அதைக் கண்டுபிடிக்க செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்புல பார்ப்பாங்க. கலப்பு க்ரீம்ல பூஞ்சை மருந்தும் இருந்தா பூஞ்சை இருந்தும் இல்லைன்னு காட்டலாம். அதனால கடைசியா என்னிக்குப் போட்டீங்கன்னு தேதியோட சொல்லுங்க.

தாமிரபரணி_அம்மா:
படிச்சேன். பெக்லோமெத்தசோன், க்ளோட்ரிமசோல், நியோமைசின். உதட்டுக்கும் பொரிக்கும் நடுவுல 3, 4 மில்லிமீட்டர் சுத்தமா இருக்கு. நெபுலைசர்ல புடசோனைடு. ரெண்டையும் இன்னிக்கே நிறுத்திடவா?

உதட்டோரம்:
நெபுலைசரை நிறுத்தாதீங்க! மூச்சுக்கான மருந்து அது, மாற்றம் எதுவா இருந்தாலும் குழந்தை டாக்டர்தான் சொல்லணும். புடசோனைடும் ஸ்டீராய்டுதான். மாஸ்க் இடைவெளி வழியா கன்னத்துலயும் கண் பக்கமும் படியும். முகத்துல இறுக்கமா பொருந்தற அளவு மாஸ்க் வாங்குங்க. ஒவ்வொரு தடவையும் முடிஞ்சதும் ஈரத்துணியால முகத்தைத் துடைச்சு, வாயைக் கொப்பளிக்க வைங்க.

க்ரீம் விஷயம் வேற. வெறுமனே விட்டா முதல் ஒண்ணு ரெண்டு வாரம் கொதிச்சுக் கிளம்பும். பெரும்பாலானவங்க அப்பத்தான் பயந்து ட்யூபைத் திரும்பத் தொடறாங்க, அதோட சுழல் மறுபடி ஆரம்பிச்சுடும். கண் பக்கம் பொரி வந்தாச்சு. அங்க ஸ்டீராய்டு தொடர்ந்தா கண் அழுத்தமும் கூடலாம். அதனால இந்த வாரமே தோல் டாக்டரைப் பாருங்க, ட்யூபைக் கையோட கொண்டு போங்க. நேரா நிறுத்தச் சொல்லலாம், வீரியம் குறைஞ்சதுக்கு மாத்தி இறக்கலாம், மெட்ரோனிடசோல் ஜெல்லோ எரித்ரோமைசினோ தரலாம். டாக்சிசைக்ளின் வகை ஆன்டிபயாடிக்கை 8 வயசுக்குக் கீழ பெரும்பாலும் தவிர்ப்பாங்க, பல்லுல கறை விழும்னு. ஆற 4 முதல் 8 வாரம் ஆகும். பத்து நாள்ல போகலைன்னு மருந்தை மாத்தாதீங்க.

அதுவரை வெதுவெதுப்பான தண்ணி மட்டும். முகத்துக்குப் பவுடர், எண்ணெய், மஞ்சள், வாசனை க்ரீம் எதுவும் வேண்டாம். ஃப்ளோரைடு பேஸ்டை விட வேண்டாம், பட்டாணி அளவு போதும். வாயோரம் ஒட்டின நுரையைக் கழுவிடுங்க.

மருந்துப்பெட்டி:
ஒரு சேர்க்கை. நியோமைசினே சிலருக்கு ஒவ்வாமை தரும், அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. தினம் காலையில ஒரே ஜன்னல்கிட்ட ஒரு போட்டோ எடுத்து வைங்க, கூடுதா குறையுதான்னு கண் ஏமாத்தும்.

தேன் நிறத்துல பொருக்கு கட்டினா அது தொற்று. மத்த பிள்ளைங்களோட துண்டு பகிராம டாக்டரைப் பாருங்க. கண் இமை வீங்கினாலோ, காய்ச்சலோட வலிக்கற கொப்புளம் வந்தாலோ, கண்ணாடி டம்ளரை அழுத்தியும் மறையாத சிவப்புப் புள்ளி காய்ச்சலோட வந்தாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரி, ராத்திரியா இருந்தாலும்.