எச்பிஏ1சி கட்டுரை: முதல் வரியை எப்படி எளிமையாக்குவது?

நீலத்தாமரை:
விக்கிப்பீடியாவுக்காக எச்பிஏ1சி பரிசோதனை பற்றி எழுதுகிறேன். முதல் வரி இப்படி: “கிளைக்கோசிலேற்றமடைந்த குருதிவளிக்காவி என்பது குளுக்கோசு மூலக்கூறு நொதியின்றிப் பிணைந்த குருதிவளிக்காவியின் வடிவம்.” பிழை இல்லை. ஆனால் லேப் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தேடி வருபவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. எதை மாற்றலாம்?

ஆய்வகமேசை:
ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் பெயரிலேயே தொடங்குங்கள். “எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதங்களில் இரத்தச் சர்க்கரை சராசரியாக எவ்வளவு இருந்தது என்று காட்டும் பரிசோதனை.” அடுத்து காரணம்: சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது, அந்த அணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அதற்கடுத்து எண்கள்: 5.7 சதவீதத்துக்குக் கீழ் இயல்பு, 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5-உம் அதற்கு மேலும் நீரிழிவு. சில நாட்டு ஆய்வகங்கள் மில்லிமோல்/மோல் அளவில் தருகின்றன, 6.5 சதவீதம் அங்கே 48. அதையும் பக்கத்திலேயே போடுங்கள். ‘நொதியின்றி’ கீழே வேதியியல் பகுதிக்குப் போகட்டும்.

சொல்வேர்:
ஹீமோகுளோபினுக்குக் குருதிவளிக்காவி நல்ல சொல். குருதியில் வளியைக் காவிச் செல்வது. இலங்கையில் ‘காவுதல்’ இன்றும் சுமப்பதைக் குறிக்கும் பேச்சுவழக்கு, அங்கே பொருள் தானாக விளங்கும். தமிழ்நாட்டு வாசகருக்கோ ‘காவி’ என்றால் நிறம்தான் நினைவுக்கு வரும். அதனால் ஹீமோகுளோபின் முதலில், குருதிவளிக்காவி அடைப்புக்குறிக்குள், ஒரே ஒரு முறை. அதன்பின் கட்டுரை முடியும்வரை ஒரே சொல். மாற்றி மாற்றி எழுதினால் இரண்டு வேறு பொருள் என்று நினைப்பார்கள். ஹெச்பிஏ1சி, கிளைகேட்டட் ஹீமோகுளோபின் எனத் தேடுகிற ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் #வழிமாற்று பக்கம் (தேடுபவரை இந்தக் கட்டுரைக்கே கொண்டுவரும் பக்கம்) போட்டுவிடுங்கள்.

ஆய்வகமேசை:
ஒன்று விட்டுப்போயிற்று. எளிமைக்காக விதிவிலக்கை வெட்டிவிடாதீர்கள். சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய்களில் இந்த எண் உண்மையைவிடக் குறைவாக வரும். இரும்புச்சத்துக் குறைபாட்டில் கூடுதலாக வரலாம். இது முன்னுரையிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் படிப்பவர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மாத்திரையைத் தானே கூட்டிக் குறைப்பார்.

நீலத்தாமரை:
சிவப்பணு, இரத்தசோகை இரண்டுக்கும் இணைப்பு மட்டும் கொடுத்தால் போதுமா?

சொல்வேர்:
போதாது. இணைப்பைத் தொடாமலே வாக்கியம் புரிய வேண்டும். “ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணு” என்று இரண்டு சொல் முன்னால் சேர்த்து, பிறகு இணைப்பு கொடுங்கள்.