ஜூன் 26 உட்கட்சித் தேர்தலுக்குத் தன்னார்வலர்கள் தேவை

குயின்ஸ், பிராங்ஸ் பகுதி நண்பர்களுக்கு வணக்கம். நியூயார்க் 14ஆவது காங்கிரஸ் தொகுதிக்கான ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 2018 ஜூன் 26 அன்று நடைபெறும் உட்கட்சித் தேர்தலில், 1999 முதல் பதவியிலிருக்கும் ஜோ கிரௌலியை எதிர்த்து நிற்கும் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸுக்காக உங்கள் உதவியைக் கேட்கிறேன். பெருநிறுவன நிதியை ஏற்க மறுத்துவிட்ட அவரால், பல மடங்கு பணம் வைத்திருக்கும் எதிர்த்தரப்புக்கு ஈடாக விளம்பரம் செய்ய இயலாது. வீடு வீடாகச் சென்று பேசுவதுதான் அவருடைய பலம். கிரௌலிக்கு 2004க்குப் பிறகு உட்கட்சிப் போட்டியே இருந்ததில்லை. இத்தகைய தேர்தல்களில் வாக்களிப்போர் மிகக் குறைவு என்பதால், ஒரு தெருவில் கிடைக்கும் பத்து வாக்குகளும் பெரிதே என்று உறுதியாக நம்புகிறேன். ஜாக்சன் ஹைட்ஸ், எல்ம்ஹர்ஸ்ட், பார்க்செஸ்டர் பகுதிகளில் ஒரு மாலையேனும் உடன் வர இயன்றவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள். ஜனநாயகக் கட்சியினராகப் பதிவு செய்தவர்கள் மட்டுமே வாக்களிக்க முடியும் என்பதால், உங்கள் வீட்டாரின் பதிவை இன்றே சரிபாருங்கள்.