கோத்தகிரிப் பகுதி வாக்குச்சாவடியில் முகவராக அமர்பவர் செய்ய வேண்டியவை என்ன?

கேள்வி (கோத்தகிரி):
எங்கள் ஊரில் சுயேச்சை வேட்பாளர் ஒருவர், வருகிற தேர்தலில் அவருடைய வாக்குச்சாவடி முகவராக அமரும்படி என்னைக் கேட்டிருக்கிறார். எனக்கு இது முதல் அனுபவம். முகவர் என்றால் கட்சிக்காரர்களுக்கு ஆள் அடையாளம் காட்டுபவர் என்றே இதுவரை நினைத்திருந்தேன். காலையிலிருந்து மாலை வரை என் கடமைகள் என்ன, எதில் தலையிடக் கூடாது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியரான என் அண்ணனை மாற்று முகவராக வைத்துக்கொள்ளலாமா?

பதில் 1 (குன்னூர், ஓய்வு பெற்ற ஆசிரியர்):
அம்மா, உங்கள் அண்ணன் அமரக் கூடாது. அரசுப் பணியில் இருப்பவர் முகவராவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 134ஏ பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். வேட்பாளர் ஒரு முகவரையும் இரண்டு மாற்று முகவர்களையும் நியமிக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்க முடியும். நியமனத்துக்கான 10ஆம் எண் படிவத்தையும் உங்கள் வாக்காளர் அட்டையையும் கையில் வைத்திருங்கள். கைபேசியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

நான் பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தவன். ஒரு முகவர் செய்யக்கூடிய மிக முக்கியமான வேலை, வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முன்பும் முடிந்த பின்பும்தான் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன். காலை 7 மணிக்கு வாக்குப்பதிவு என்றால் இயந்திரத்தைச் சோதிக்கும் மாதிரி வாக்குப்பதிவு 5.30 மணிக்கே தொடங்கும். முகவர்கள் வராவிட்டால் அலுவலர் கால் மணி நேரம் காத்திருந்துவிட்டுத் தொடங்கிவிடுவார். நம் மலையில் அந்த நேரத்துக்குப் பேருந்தை நம்ப முடியாது. முந்தைய நாளே வண்டிக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

குறைந்தது 50 மாதிரி வாக்குகள் பதிவாகும். வாக்குப்பதிவு இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கருவி காட்டும் முடிவையும், விவிபேட் (பதிவான வாக்கைச் சீட்டாக அச்சிட்டுக் காட்டும் கருவி) சீட்டுகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டபின் அந்த வாக்குகளை அழிக்க வேண்டும். அழித்தபின் மொத்த வாக்கு பூஜ்யம் என்று திரையில் காட்டச் சொல்லி உங்கள் கண்ணால் பாருங்கள்; விவிபேட் பெட்டியில் மாதிரிச் சீட்டு எதுவும் மிச்சமில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பின்னரே, கட்டுப்பாட்டுக் கருவியை மூடி முத்திரையிடப் பயன்படும் பச்சைத் தாள் முத்திரையில் கையெழுத்திட்டு, அதன் வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாலையில் வாக்குப்பதிவு முடிந்ததும், கருவி காட்டும் மொத்த வாக்குகளை 17ஏ பதிவேட்டின் (வாக்களிக்க வந்தவர்களைப் பதியும் பதிவேடு) கணக்கோடு ஒத்துப்பார்த்து, பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தின் சான்றளிக்கப்பட்ட நகலை வாங்காமல் எழுந்து வராதீர்கள். வாக்கு எண்ணும் நாளில் உங்கள் வேட்பாளரின் கையில் இருக்கும் ஆதாரம் அந்தத் தாள்தான். களைப்பிலும் குளிரிலும் பலர் அதை வாங்காமலே வீடு திரும்புவதைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

பதில் 2 (பந்தலூர்):
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தேயிலைத் தோட்டங்களை விட்டுத் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலை தேடிப் போன குடும்பங்கள் எங்கள் பகுதியில் ஏராளம். அவர்களில் பலருடைய பெயர் இன்னும் இங்குள்ள பட்டியலில்தான் இருக்கிறது. வராதவர், இடம்பெயர்ந்தவர், இறந்தவர் என்று ஒரு தனிப்பட்டியல் அலுவலரிடம் இருக்கும். அந்தப் பெயரில் வேறொருவர் வந்து நின்றால் தடுப்பதற்குத்தான் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். இரண்டு ரூபாய் கட்டி, 'இவர் அந்த நபர் அல்ல' என்று ஆட்சேபிக்கலாம். தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து முடிவு செய்வார். ஆள்மாறாட்டம் உறுதியானால் அப்படி வந்தவர் காவலரிடம் ஒப்படைக்கப்படுவார்.

ஆனால் அதே தொழிலாளி வாக்களிப்பதற்காகவே இரவுப் பேருந்து ஏறி ஊருக்கு வந்து, அடையாளத்தை நிரூபித்தால், தனிப்பட்டியலில் பெயர் இருப்பதைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை. ஆட்சேபணை ஆள் அடையாளத்தைப் பற்றியதாக மட்டுமே இருக்க வேண்டும். 'இவர் இப்போது இங்கே குடியிருக்கவில்லை' என்ற வாதம் அன்றைக்குச் செல்லாது. ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்பவரிடம் முகவர்கள் அதட்டலாகப் பேசுவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். தயவுசெய்து நீங்கள் அப்படி நடந்துகொள்ளாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஒருவருடைய வாக்கை வேறு யாரோ முன்பே போட்டுவிட்டிருந்தால் அவர் என்ன செய்வது?

பதில் 3 (கொடைக்கானல், பூம்பாறை):
சகோதரி, தேர்தல் நடத்தை விதிகளின் 49பி (49P) விதியின்படி, அடையாளத்தை உறுதிசெய்தபின் அவருக்குத் தனியாக ஒரு வாக்குச்சீட்டு தருவார்கள். அவர் இயந்திரத்தில் வாக்களிக்க முடியாது. அந்தச் சீட்டு தனி உறையில் வைக்கப்படும். இந்த விதி தெரியாமல் கண்கலங்கித் திரும்பிப் போகிறவர்கள் எங்கள் மேல்மலைக் கிராமங்களிலும் உண்டு. அப்படி ஒருவரைக் கண்டால், அவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், தலைமை அலுவலரிடம் 49பி என்று எடுத்துச் சொல்லுங்கள். யாருக்கு வாக்களிக்கப் போகிறார் என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள்; வாக்கின் ரகசியத்தைக் காப்பது முகவருக்கும் சட்டப்படியான கடமை.