புதுப்பிப்பு: 650 கிலோ நெல்லைத் திருடியதாகச் சொன்னார்களே, அந்த விவகாரம்

போன மாதம் எழுதியதைப் படிக்காதவர்களுக்கு: மன்னார்குடிப் பக்கம் ஒரு தனியார் அரிசி ஆலையில் எடை எழுதுகிறேன். ஐப்பசி மழையில் வந்த 10 டன் குறுவை நெல், களத்தில் காய்ந்தபின் 650 கிலோ குறைந்தது. நான்தான் விற்றுவிட்டேன் என்று வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். "ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போடு, போலீஸுக்குப் போகமாட்டோம்" என்றார் மேனேஜர். போடாதே என்று நீங்கள் சொன்னீர்கள். போடவில்லை.

விசாரணைக்கு என் நோட்டின் நகலைக் கொண்டுபோனேன். வந்த அன்று ஈரப்பதம் 20 சதவீதம், காய்ந்தபின் 14. கணக்கு வாத்தியாரான என் மச்சான் தாளில் போட்டுக் கொடுத்திருந்தார்: 10,000 கிலோவில் தண்ணீர் 2,000 போக மீதி 8,000. அந்த 8,000 மொத்தத்தில் 86 சதவீதமாக இருக்க வேண்டுமென்றால் எடை சுமார் 9,300 கிலோதான். அதாவது 700 கிலோ குறைய வேண்டும். குறைந்தது 650. சொல்லப்போனால் 50 கிலோ கூடுதலாகவே இருந்திருக்கிறது!

முதலாளி தாளை இரண்டு தடவை பார்த்தார். மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார். முப்பது வருஷமாக நெல்லில் புரள்கிறவர்களுக்கு ஈரம் காயும் என்று தெரியாதா என்ன?

நிறுத்தி வைத்த நாட்களுக்குப் பாதிச் சம்பளம், சட்டத்தில் உள்ள பிழைப்பூதியம், எழுதிக் கேட்டபின் வந்தது. மீதிப் பாதி இன்னும் வரவில்லை. வேலை திரும்பக் கிடைத்தது, ஆனால் தவிட்டுக் கிடங்கில். குற்றச்சாட்டை வாபஸ் வாங்கியதாக எழுத்தில் கேட்டிருக்கிறேன். "அதெல்லாம் எதுக்குப்பா" என்கிறார்கள். திங்கட்கிழமை மறுபடி கேட்பேன்.