ஒப்பந்தத்தில் ‘எம்பார்கோ’: வணிகத் தடையா, பொருளாதாரத் தடையா, இறக்குமதித் தடையா?

கேள்வி: புறக்கோட்டைவாசி

மஞ்சள் போன்ற வாசனைத் திரவியங்கள் இறக்குமதி செய்யும் ஒரு கொழும்பு நிறுவனத்தின் கொள்வனவு ஒப்பந்தத்தைத் தமிழாக்கம் செய்கிறேன். கட்டுக்கு மீறிய நிகழ்வுகள் (எந்த நிகழ்வு வந்தால் கடமையை நிறைவேற்றாத தரப்பு பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று சொல்வது) என்ற பிரிவில் போர், வேலைநிறுத்தம் ஆகியவற்றோடு ‘எம்பார்கோ’வும் வருகிறது. அகராதியில் ‘வணிகத் தடை’ என்று இருக்கிறது. பத்திரிகைகள் ‘பொருளாதாரத் தடை’ என்று எழுதுகின்றன. நாளை பிணக்கு வந்தால் எந்தச் சொல் நிற்கும்? 2020இல் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டதே, அதுவும் எம்பார்கோவுக்குள் அடங்குமா?

சொல்லாய்வு

‘வணிகத் தடை’ என்றே எழுதுங்கள். ஸ்பானிய மொழியில் ‘தடுத்து வை’ என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்த சொல் இது. துறைமுகத்தில் நிற்கும் கப்பலைப் புறப்பட விடாமல் அரசு மறிப்பதுதான் அதன் பழைய பொருள். 1807இல் அமெரிக்கா இயற்றிய எம்பார்கோ சட்டம் தன் சொந்தக் கப்பல்களையே வெளிநாட்டுத் துறைமுகங்களுக்குப் போகவிடாமல் நிறுத்தியது. இன்னொரு நாட்டோடு கொடுக்கல் வாங்கலை அரசு ஆணையிட்டு நிறுத்துவது என்பதே இன்றைய பொருள். 1962 முதல் கியூபா மீது அமெரிக்கா விதித்திருப்பதும், 1973இல் அரபு எண்ணெய் நாடுகள் அமெரிக்காவுக்கும் நெதர்லாந்துக்கும் எண்ணெயை நிறுத்தியதும் இதற்குத் தெளிவான உதாரணங்கள்.

மஞ்சள் விடயம் வேறு. எந்த நாட்டு மஞ்சள் என்று அங்கே யாரும் பார்க்கவில்லை, பொருளைத்தான் மறித்தார்கள். அது இறக்குமதித் தடை.

வெள்ளவத்தை மொழிபெயர்ப்பாளர்

‘பொருளாதாரத் தடை’யை இந்த இடத்தில் போடவேண்டாம். அது பெரிய குடை. சொத்து முடக்கம், வங்கிப் பரிமாற்ற மறுப்பு, பயணத் தடை எல்லாம் அதற்குள் வரும். வணிகத் தடை அதில் ஒரு பகுதி மட்டுமே. ஐ.நா. பாதுகாப்புச் சபை 1977இல் தென்னாபிரிக்காவுக்கு எதிராகக் கட்டாயமாக்கியது ஆயுதங்களை மட்டும் தொட்டது, ஆகவே அதை ‘ஆயுதத் தடை’ என்கிறோம். 1990 ஓகஸ்டில் ஈராக் மீது வந்ததோ ஏறக்குறைய முழு வணிகத்தையும் நிதியையும் மூடியது. அதற்குத்தான் ‘பொருளாதாரத் தடை’ பொருந்தும்.

இலங்கைத் தமிழில் இன்னொரு காரணமும் உண்டு. இங்கே அந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு நினைவு வருவது வடக்குக்கு மண்ணெண்ணெய், பற்றரி, உரம், சீமெந்து போகவிடாமல் மறித்த காலம். 1990இல் தொடங்கி 2002 ஜனவரியில் நீக்கப்பட்டது அது. ஒரே நாட்டுக்குள் ஒரு பகுதியை நோக்கி விதிக்கப்பட்ட தடை. அந்த நினைவைச் சுமக்கிற சொல்லை வாசனைத் திரவிய ஒப்பந்தத்தில் வைத்தால் வாசகர் வேறெங்கோ போய்விடுவார்.

‘முற்றுகை’யும் சரிவராது. கடற்படையை நிறுத்திப் பலத்தால் மறிப்பது அது. ஐ.நா. பட்டயமே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது: பொருளாதார உறவைத் துண்டிப்பது 41ஆம் உறுப்புரை, முற்றுகை 42. ‘பகிஷ்கரிப்பு’ என்பது மக்களோ வணிகரோ தாமாக வாங்க மறுப்பது, அதில் அரசாணை இல்லை.

கொள்கலன்

சொல் தேர்வோடு நின்றுவிடாதீர்கள். செய்தியில் ‘தடை’ என்று வருவது வர்த்தமானியில் (அரசிதழில்) மூன்று விதமாக இருக்கலாம்: அனுமதிப்பத்திரம் இருந்தால்தான் இறக்கலாம் என்பது, தற்காலிக இடைநிறுத்தம், அல்லது 90, 180 நாள் கடன் தவணையில் மட்டும் இறக்கலாம் என்பது. 2020இல் இவை எல்லாமே வந்தன. மூன்றையும் ‘தடை’ என்று தமிழாக்கினால், அனுமதிப்பத்திரம் எடுத்து இறக்கக்கூடிய சரக்குக்கும் விற்பவர் கைவிரித்துவிடுவார். வாங்குபவருக்கு அது பெரிய அநியாயம்.

இந்த ஒழுங்குவிதிகள் 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அதிவிசேட வர்த்தமானியில் வரும். முதலில் அட்டவணையில் உங்கள் எச்.எஸ். குறியீடு (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்) இருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஆறு இலக்கம் உலகப் பொது, மஞ்சளுக்கு 0910.30. இங்கே எட்டு இலக்கம் வரை போகும், கடைசி இரண்டில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரே தலைப்பின் கீழ் ஒரு உபபிரிவு அடைபட்டு, அடுத்தது திறந்திருக்கும்.

பிறகு திகதி. நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன் கப்பலேற்றிய சரக்குக்குச் சலுகை இருந்தால் அது அந்த வர்த்தமானியிலேயே எழுதியிருக்கும். அப்போது பார்ப்பது பில் ஒப் லேடிங் (சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான ஆவணம்) திகதியை. எல்சி (விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் கடன் கடிதம்) திறந்துவிட்டோம், முற்பணம் கட்டிவிட்டோம் என்பது சலுகையில் சொல்லப்படாவிட்டால் காப்பாற்றாது. சலுகைக்குள் வராத சரக்கு சுங்கத்தில் நிற்கும், தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே அந்தக் கட்டணம் யார் தலையில் என்பதையும் அதே பிரிவில் எழுதிவிடுங்கள்.

புறக்கோட்டைவாசி

மிக்க நன்றி. ‘சொல்லாய்வு’ சொன்னபடி நாட்டை நோக்கினால் வணிகத் தடை, பொருளை நோக்கினால் இறக்குமதித் தடை என்று பிரித்துவிட்டேன். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனை நிறுத்தியதை எதில் சேர்ப்பது?

வெள்ளவத்தை மொழிபெயர்ப்பாளர்

அந்தக் கோடு அங்கேதான் மங்குகிறது. 2015 ஜனவரி முதல் 2016 நடுப்பகுதி வரை இருந்த அந்த நடவடிக்கை ஒரு நாட்டின் ஒரு பொருளை மட்டும் தொட்டது. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்பது காரணம். 2017 டிசம்பரில் ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியபோது சரக்கில் கண்ட கப்ரா வண்டு (சேமித்த தானியத்தை அரிக்கும் பூச்சி) காரணம். இரண்டையும் ‘இறக்குமதித் தடை’ என்பதே பொருத்தம். அரசியல் பணியவைப்பு நோக்கமாக இருந்தால்தான் ‘வணிகத் தடை’ முழுதாகப் பொருந்தும்.

கொள்கலன்

ஒப்பந்தத்துக்கு நோக்கம் முக்கியமில்லை, சரக்கு வந்ததா இல்லையா என்பதுதான். ஆகவே ஒற்றைச் சொல்லை நம்பாமல் இப்படி எழுதலாம்:

“ஏதேனும் அரசு விதிக்கும் வணிகத் தடை, இறக்குமதி அல்லது ஏற்றுமதித் தடை, தற்காலிக இடைநிறுத்தம், அத்துடன் உரிய காலத்தில் விண்ணப்பித்தும் அனுமதிப்பத்திரம் மறுக்கப்படுதல்.”

கடைசித் துண்டை விடவேண்டாம். விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டு ‘தடை’ என்று சொல்பவரை அதுதான் மறிக்கும். வர்த்தமானியின் இலக்கம், திகதி, பிரதி ஆகியவற்றோடு எத்தனை நாளுக்குள் மற்றத் தரப்புக்கு அறிவிக்கவேண்டும் என்பதையும் சேருங்கள். தடை நீண்டால் எப்போது ஒப்பந்தத்தை முடிக்கலாம் என்றும் ஒரு வரி வேண்டும். இரசாயன உரத் தடை 2021 மே மாதம் வந்து நவம்பரில் நீங்கியது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதியோ தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது.

சொல்லாய்வு

ஒரு சிறு சேர்க்கை. விமான, கப்பல் நிறுவனங்கள் இடநெருக்கடியால் சரக்கு ஏற்க மறுக்கும்போதும் ‘எம்பார்கோ’ என்று அறிவித்தல் விடும். அது அரசாணை அல்ல, ‘சரக்கு ஏற்பு நிறுத்தம்’ என்று தனியாக எழுதுங்கள். அது இந்தப் பிரிவுக்குள் வருமா என்பதை இரு தரப்பும் பேசி முடிவு செய்யவேண்டும், மொழிபெயர்ப்பாளர் தீர்மானிக்கக் கூடாது.